ஸ்டெல்த் விமானத்துக்கு வெளியே ஏவுகணை, எரிபொருள் டேங்க்: கணக்கில் எங்கே தப்பு விடுகிறோம்?

ரேடாரில் எளிதில் சிக்காதபடி செய்த (அதுதான் ஸ்டெல்த்) அமெரிக்கப் போர் விமானம் எஃப்-35, இறக்கைக்கு அடியில் குண்டுகளை வரிசையாக மாட்டிக்கொண்டு பறக்கிற படம் ஒன்று வந்தால் போதும், "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணாங்க, ஸ்டெல்த்தே போச்சே" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "ஒரே ஒரு ஏவுகணைதானே, அதனால் என்ன பெரிசா தெரிந்துவிடப் போகிறது" என்று எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் வரிந்துகட்டும். இரண்டுமே தப்புதான். ஆனால் இரண்டாவது தப்பு மோசமானது, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

ரேடார் அலை விமானம் வரை போய்த் திரும்பி வரவேண்டும். போகும்போதும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலுவிழக்கும், திரும்பும்போதும் அப்படியே. அதனால் விமானம் எவ்வளவு தூரத்தில் சிக்கும் என்பது அதன் ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பின் (ரேடாருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவின்) நான்காம் மூலத்தைப் பொறுத்தது. பரப்பு 16 மடங்கானால்தான் தூரம் 2 மடங்காகும். இதைக் கேட்டதும் "அப்போ பிரச்சினையே இல்லையே" என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன், எந்த விமானத்தின் உண்மை அளவும் இல்லை இது: எதுவும் மாட்டாத விமானத்தின் பரப்பு 0.001 சதுர மீட்டர், ஒரு ரேடார் அதை 30 கிலோமீட்டரில் பிடிக்கிறது. பைலானோடு (இறக்கைக்கு அடியில் ஆயுதத்தை மாட்டும் தாங்கி) சேர்த்து 0.1 சதுர மீட்டர் உள்ள ஓர் ஏவுகணையை வெளியே மாட்டினால், அதே ரேடார் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டரில் பிடித்துவிடும். இன்னொன்றையும் மாட்டுங்கள், 113 தான். முதல் ஏவுகணை 65 கிலோமீட்டரைத் தின்றது, இரண்டாவதுக்குச் செலவு வெறும் 18. ஆகவே "ஒன்றே ஒன்று மட்டும் வெளியே" என்பதுதான் இருப்பதிலேயே நஷ்டமான பேரம். மறைந்து போக வேண்டுமென்றால் வெளியே எதுவும் வேண்டாம், மறைய வேண்டியதில்லை என்றால் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம்.

இத்தனூண்டு ஏவுகணை ஏன் அவ்வளவு தெரிகிறது? பைலானும் இறக்கையும் சேரும் மூலை வந்த அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும், பின்பக்கத் துடுப்புகளும் அதே வேலையைச் செய்யும். ரேடார் வழிகாட்டும் ஏவுகணையின் மூக்கு இன்னும் வேடிக்கை: தன் ரேடார் வெளியே பார்ப்பதற்காக அலை ஊடுருவும்படி செய்த மூக்கு அது, எதிரியின் ரேடார் அதே அலைவரிசையில் வந்தால் உள்ளே நுழைந்து ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும்.

அடுத்தது, "சுட்டுவிட்டால் மறுபடி ஸ்டெல்த் ஆகிவிடுமே" என்ற நினைப்பு. ஏவுகணை போய்விடும், டேங்க்கையும் கழற்றி எறிந்துவிடலாம், ஆனால் பைலான் அங்கேயே நின்றால் மூலையும் அங்கேயேதான் இருக்கும். இன்னொரு ஸ்டெல்த் விமானமான எஃப்-22க்கு அமெரிக்க விமானப்படை டேங்க்கை மட்டும் புதிதாகச் செய்யாமல் பைலானையும் சேர்த்தே உருவாக்குவது சும்மா இல்லை.

டேங்க் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்டெல்த் இல்லாத பழைய எஃப்-16 இரண்டு டேங்க்கோடு பறக்கிறது, எஃப்-35 ஒன்றும் இல்லாமல் பறக்கிறது, எனவே எஃப்-35க்கு எரிபொருள் போதாது என்று ஒப்பிடுகிறார்கள். எஃப்-35இன் ஏ ரகம் (எஃப்-35ஏ) உடம்புக்குள்ளேயே சுமார் 8,300 கிலோ எரிபொருள் வைத்திருக்கிறது. எஃப்-16 உள்ளே வைத்திருப்பது 3,200 கிலோ சொச்சம், இரண்டு 370 கேலன் டேங்க்கை மாட்டினாலும் 5,400 கிலோவைச் சுற்றித்தான் வரும். போதாக்குறைக்கு, வெளி டேங்க் காற்றில் இழுக்கிற இழுப்பை ஈடுகட்டவே அதில் ஒரு பங்கு எரிந்துபோகும்.

அப்புறம், படத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எஃப்-22 இரண்டு 600 கேலன் டேங்க்கோடும், சீனாவின் ஜே-20 நான்கு டேங்க்கோடும் பறக்கும் படங்கள் நிறைய உண்டு. தளம் விட்டுத் தளம் போகும் நெடும்பயணத்துக்கு அது சாதாரணம். போதாததற்கு, அமைதிக் காலத்தில் ரேடார் பிரதிபலிப்பானை வேண்டுமென்றே உடம்பில் ஒட்டிக்கொண்டும் பறப்பார்கள். போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குத் தெரிய வேண்டும், உளவு பார்ப்பவருக்கு உண்மை அளவு தெரியக்கூடாது.

சரி, முதல் கூட்டத்துக்கு வருவோம். வெளியே மாட்டுவது முட்டாள்தனமா? எஃப்-35ஏ உடம்புக்குள் இருக்கும் ஆயுத அறையில் (உள்ளறை) சுமக்கக்கூடியது ஏறக்குறைய 2,600 கிலோ, வெளியேயும் சேர்த்தால் 8 டன்னைத் தாண்டும். எதிரியின் ரேடார்களும் ஏவுகணைத் தளங்களும் உயிரோடு இருக்கிற முதல் நாட்களில் உள்ளறை. அவற்றை அடித்து ஒழித்த பிறகு ஒளிந்துகொண்டு இரண்டே குண்டோடு போவதற்கு அர்த்தமில்லை. வெளியே சுமக்கும் விமானத்துக்கும் சென்சார்களும் தரவு இணைப்பும் அப்படியே இருக்கின்றன. முன்னால் வெளியே எதுவும் மாட்டாமல் போகும் ஒன்று இலக்கைக் காட்ட, பின்னால் வருவது சுடலாம். எஃப்-35இல் ஏஐஎம்-9எக்ஸ் குறுந்தூர ஏவுகணையை மாட்டுவதே வெளிப்பக்கம் மட்டும்தான், அதற்கென்றே சாய்வான பைலான் செய்திருக்கிறார்கள். செங்குத்து மூலை வராமல் பார்த்துக்கொள்கிற அதே பழைய கவலை.

உள்ளறை இருந்தால் எல்லாம் இலவசம் என்று நினைப்பதும் தப்பு. அறைக்குள் நுழைகிற அளவுக்குத்தான் ஆயுதம். எஃப்-22க்குள் அடக்கவே ஏஐஎம்-120சி ஏவுகணையின் துடுப்புகளை நறுக்கிக் குட்டையாக்கினார்கள். செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி-யின் அறை இன்னும் சின்னது, மற்ற இரண்டு ரகங்களும் (ஏ, சி) உள்ளே வைக்கும் 2,000 பவுண்ட் குண்டு அதற்குள் போகாது. கதவு திறந்திருக்கும் சில நொடிகளில் விமானம் பளிச்சென்று தெரியவும் செய்யும். இதற்கு ஜே-20இன் பக்கவாட்டு அறையில் ஒரு வழி செய்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது: தண்டவாளம் போன்ற தாங்கி ஏவுகணையை வெளியே கொண்டுவந்து நிறுத்தும், உடனே அதன் பின்னால் கதவு மூடிக்கொள்ளும், ஏவுகணை மட்டும் வெளியே காத்திருக்கும்.