லாங்ஆர்ம் குயில்ட்டிங் மெஷின்ல நூல் சிக்குதா, நூல் டென்ஷன் (இறுக்கம்) ஒத்து வரலையா? திருகுல கை வைக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

லாங்ஆர்ம்னா ஃபிரேம்ல கட்டின குயில்ட் மேல நகத்தித் தைக்கற பெரிய தையல் மெஷின், குயில்ட்னா மேல்துணி, நடுவுல பஞ்சு, அடித்துணினு மூணு அடுக்கா சேத்துத் தைக்கறது. அந்த குயில்ட்டோட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாத்தா நூல் கூடு கட்டி நிக்குது, இல்லன்னா கீழ் நூல் நேரா கோடு இழுத்த மாதிரி படுத்துக் கெடக்கு, உடனே எல்லாருக்கும் கை போற இடம் டென்ஷன் திருகுதான். தயவு செஞ்சு அதைக் கடைசியாத் தொடுங்க. டென்ஷன் கெட்டுப் போச்சுனு என்கிட்ட வர்ற மெஷின்ல பெரும்பாலும் டென்ஷன் கெட்டே இருக்காது, நூல் கோன்லேருந்து ஊசி வரைக்கும் ஓடி வர்ற வழியில எங்கயோ மாட்டியிருக்கும், அந்த எடத்தை விட்டுட்டு திருகைத் திருகிக்கிட்டே இருந்தா நல்லா இருந்த செட்டிங்கும் போயிடும், அப்பறம் எது தப்பு எது சரினு கண்டுபிடிக்கவே முடியாது.

இங்க மலேசியாவுல, புக்கிட் மெர்தாஜாம்லேருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணுச்சு. "அக்கா, எவ்ளோ திருகினாலும் ஒண்ணும் மாற மாட்டேங்குதுக்கா, அடியில வளையம் வளையமா வருது." திருகினா எதுவுமே மாறலன்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு, நூல் டென்ஷன் டிஸ்க்குக்குள்ளயே இல்ல, அதாவது நூலை நடுவுல அழுத்திப் பிடிக்கற ரெண்டு சின்ன வட்டத் தட்டுக்குள்ள. வீடியோ காலைப் போடச் சொன்னேன், பாத்தா நூல் ரெண்டு டிஸ்க்குக்கும் நடுவுல போகாம மேலால வழுக்கிட்டுப் போகுது, அவ்ளோதான் விஷயம். வீட்டுத் தையல் மெஷின்ல துணியை அழுத்தற காலைத் தூக்கினா டிஸ்க் திறந்துக்கும், நூல் தன்னால உள்ள போயிடும். பெரும்பாலான லாங்ஆர்ம்ல அந்த வசதி கெடையாது, டிஸ்க் எப்பவும் மூடியேதான் இருக்கும். அதனால நூல் கோக்கும்போது டிஸ்க்குக்கு முன்னாடி ஒரு கை, பின்னாடி ஒரு கைனு நூலைப் பிடிச்சு இறுக்கி, பல்லிடுக்குல ஃப்ளாஸ் விடற மாதிரி முன்னும் பின்னும் இழுத்து உள்ள இறக்கணும். இறங்கினா கையில ஒரு பிடிப்பு தெரியும். தெரியலன்னா திரும்ப இழுங்க.

சரி, கோன்லேருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா இங்கதான் நெறைய பேர் பாக்கவே மாட்டாங்க. கோன் நிக்கற குச்சிக்கு நேர் மேல, கோனோட நடு உச்சிக்கு மேலதான் நூல் வளையம் இருக்கணும், கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் நூல் ஒரு பக்கம் லூசாவும் ஒரு பக்கம் இறுக்கமாவும் வரும், மெஷின் நகர நகர தையல் ஒரு இஞ்சு நல்லா ஒரு இஞ்சு மோசமானு வரும், அதைப் பாத்துட்டு டென்ஷன்னு நெனைச்சுடுவோம். வழவழப்பான பாலியெஸ்டர் நூல், கிளைட் மாதிரி பளபளப்பு நூலெல்லாம், நிறுத்தி நிறுத்தித் தைக்கும்போது கோன்லேருந்து தானா சரிஞ்சு கீழ குவியும், குச்சியைச் சுத்திக்கும், அடுத்த நிமிஷம் பட்டுனு அறுந்துடும். இதுக்கு நூல் வலை போட்டா போதும். வலையைக் கீழேருந்து மேல ஏத்தணும், ரொம்ப இறுக்கமான வலையா இருந்தா மேல பாதியை மடிச்சு விடுங்க, இல்லன்னா வலையே நூலை இழுத்துப் பிடிக்கும். கோன் அடியில சின்னதா ஃபோம் துண்டு வெச்சா ஆடாது.

அப்பறம் ஃபேன். நம்ம ஊர் வெக்கைக்கு ஃபேன் இல்லாம யாராலயும் ஃபிரேம் பக்கத்துல நிக்க முடியாது லா, ஆனா ஸ்டாண்ட் ஃபேன் நேரா கோன் மேல அடிச்சா நூல் பறந்து வளையத்தைச் சுத்தி ஒரு தடவை கூடுதலா சுத்திக்கும். காரணமே இல்லாம டென்ஷன் திடீர்னு ஏறுதுன்னா மொதல்ல அண்ணாந்து வளையத்தைப் பாருங்க. ஃபேனைக் கால் பக்கம் திருப்பி வெச்சா வேலை முடிஞ்சுது.

சின்ன ஸ்பூல்ல ரெண்டு வகை இருக்கு. நூல் குறுக்கும் நெடுக்குமா எக்ஸ் மாதிரி சுத்தியிருந்தா மேல்பக்கமா இழுக்கலாம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கா சுத்தியிருந்தா பக்கவாட்டுல இழுக்கணும், ஸ்பூல் உருளணும். அடுக்கு ஸ்பூலை நிமித்தி வெச்சு மேலால இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் நூல்ல ஒரு முறுக்கு ஏறும், ஊசிகிட்ட வரும்போது சுருண்டு முடிச்சாகும். ஜரிகை மாதிரி மெட்டாலிக் நூல் போடறவங்களுக்குப் பக்கவாட்டு ஹோல்டர் கட்டாயம் வேணும்னே சொல்லுவேன்.

கோன்லேருந்து கீழ வந்தா மூணு ஓட்டை கைடு. இதுலயும் பிடிப்பு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. மூணு ஓட்டையிலயும் சுத்திச் சுத்திக் கோத்தா வழவழப்பு நூலுக்கு நல்லா இருக்கும், மெட்டாலிக், மோனோஃபிலமென்ட் (தூண்டில் நரம்பு மாதிரி ஒத்தை இழை) மாதிரி நூலுக்கு ஒரு ஓட்டை போதும். திருகைத் தொடாமலேயே டென்ஷனைக் குறைக்கற வழி இது. அதுக்கப்பறம் டிஸ்க், அதுகிட்டயே சின்னதா வளைஞ்ச கம்பி ஸ்பிரிங், அப்பறம் டேக்-அப் லீவர், ஒவ்வொரு தையலுக்கும் நூலை மேல இழுக்கற கம்பி. கையால சக்கரத்தை மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, அந்த ஸ்பிரிங் ஒவ்வொரு தையலுக்கும் துள்ளி எழுந்து எறங்கணும். அசையாம நின்னா நூல் அதுக்குள்ள இல்ல, இல்லன்னா ஸ்பிரிங் வளைஞ்சிருக்கு. டேக்-அப் லீவர்ல நூல் விட்டுப் போயிருந்தா அடியில பெரிய கூடாவே கட்டிடும், மெஷினே நின்னு போற அளவுக்கு. அடியில கூடு கட்டினா தப்பு மேல்நூல் வழியிலதான், இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ் நூல் சுத்தின பாபினைப் பிரிச்சு மேஞ்சுக்கிட்டு இருக்காதீங்க.

டிஸ்க் நடுவுல பஞ்சு அடைஞ்சாலும் நூல் பிடிபடாது. மெழுகு தடவாத டென்டல் ஃப்ளாஸ், இல்லன்னா நல்ல சுத்தமான பருத்தித் துணியை மடிச்சு, டிஸ்க் நடுவுல இழுத்து எடுங்க. காட்டன் நூல் போடறவங்க இதை அடிக்கடி பண்ணணும், பஞ்சு அதிகமா உதிரும்.

அடுத்தது ஊசி. லாங்ஆர்ம் ஊசில 3.5, 4.0னு எம்ஆர்ங்கற சைஸ் நம்பர் இருக்கும், கூடவே 100/16, 110/18ன்னும் போட்டிருக்கும். 100ன்னா ஊசித் தண்டு 1 மில்லிமீட்டர், 110ன்னா 1.1 மில்லிமீட்டர். நூல்ல 40, 50, 60ன்னு இருக்கற வெயிட் நம்பர் தலைகீழ், நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு, 40 வெயிட்ன்னா அந்த நூல்ல 40 கிலோமீட்டர் சேந்தா 1 கிலோ. ஊசி அந்த நூலுக்குப் பொருந்துமானு பாக்க ஒரு சுலபமான வழி சொல்றேன். ஊசியைக் கழட்டி ஒரு முழ நூல்ல கோத்துக்கோங்க, நூலை ரெண்டு கையால இழுத்துப் பிடிச்சு ஒரு கையை மேல தூக்கி சாய்ச்சுப் பிடிங்க, ஊசி தன் கனத்துலயே மெதுவா வழுக்கிக் கீழ எறங்கணும். நின்னுக்கிட்டா கண் சிறுசு, ஒரு சைஸ் பெருசு போடுங்க. தையலுக்குள்ள போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அதே நூல் துண்டு ஊசிக் கண்ணுல பல தடவை மேலயும் கீழயும் ஓடுது, கண் சிறுசா இருந்தா அங்கேயே உரசி நார் நாரா பிரிஞ்சிடும்.

இங்க நம்ம ஊர் பாத்தேக், அதாவது மெழுகு வெச்சு சாயம் போடற துணி, அதைப் பத்தித் தனியாச் சொல்லணும். கிளந்தான், திரெங்கானு பாத்தேக் துணியை வெட்டி குயில்ட் போடறவங்க இங்க நெறைய இருக்காங்க, எனக்கும் ரொம்பப் பிடிச்ச துணி அது, ஆனா நெசவு நெருக்கம், ஊசி போன ஓட்டை உடனே மூடிக்கும், நூல் அதுக்குள்ள நெருக்கிக்கிட்டுப் போய் பிரிஞ்சு போகும். 3.5 போட்டுத் தைக்கறவங்க பாத்தேக்குக்கு 4.0 போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். துணியைத் தைக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்ல அலசிடுங்க, சில துணியில மெழுகு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது ஊசில ஒட்டி நூலைப் பிடிக்கும்.

ஊசியை மாட்டும்போது முட்டற வரைக்கும் மேல ஏத்தணும், அரை மில்லி கீழ நின்னாலும் தையல் தாண்டும். இடமிருந்து வலம் நல்லா வருது, வலமிருந்து இடம் போனா மட்டும் நூல் பிரியுது, தையல் தாண்டுதுன்னா அது டென்ஷன் கெடையாது, மெஷின் நகரும்போது ஊசி வளைஞ்சு, அடியில சுத்திக்கிட்டு மேல்நூலைப் பிடிக்கற ஹூக்கை விட்டு விலகுது. கடியாரக் கணக்குல ஊசிக் கண் நேரா 6 மணி பக்கம் பாத்திருந்தா கொஞ்சமா 6.30 பக்கம் திருப்பித் தைச்சுப் பாருங்க, சரி வரலன்னா 5.30 பக்கம். அதுக்கும் சரியாகலன்னா குயில்ட்டைப் பாருங்க. ஃபிரேம்ல மத்தளம் மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டியிருந்தா துணியே ஊசியை இழுத்து வளைச்சிடும். அடியிலேருந்து விரலால தள்ளினா, மேலேருந்து இன்னொரு கையால அந்த விரல் நுனியைப் பிடிக்க முடியணும், அந்த அளவு தொய்வு வேணும். ரோலர் உயரமும் முக்கியம், குயில்ட் சுத்தச் சுத்த ரோலர் தடிக்கும், துணி மெஷின் தட்டை விட்டு மேல எழும்பிடும், அப்பவும் தையல் தாண்டும்.

இப்ப பாபின். ஒழுங்கு என்னன்னா, கீழ் நூலை மொதல்ல சரி பண்ணணும், அப்பறம்தான் மேல். பாபின் கேஸ்ல இருக்கற தட்டை ஸ்பிரிங் அடியில பழைய பிசினஸ் கார்டோட மூலையை விட்டு இழுங்க, அங்க ஒரு துணுக்குப் பஞ்சு இருந்தாலே கீழ் டென்ஷன் ஒண்ணும் இல்லாமப் போயிடும். நூல் மாட்டி கேஸை உள்ளங்கையில வெச்சு நூலைத் தூக்குங்க, கேஸ் நிமிந்து நிக்கணும், கையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினா இறுக்கம், படுத்தபடியே நூல் ஓடினா லூசு. கேஸ்ல ரெண்டு திருகு இருந்தா பெருசுதான் டென்ஷன் திருகு, கடியாரத்துல 5 நிமிஷம் நகர்ற அளவுக்கு மேல ஒரே தடவையில திருப்பாதீங்க. பாபின் டென்ஷனை அளக்கற டோவா கேஜ் வாங்க முடிஞ்சா வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா கைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், கேஜ் மாறாது. பெரிய எம் சைஸ் பாபின்ல மெல்லிசு பாலியெஸ்டர் போடறவங்க கேஜ்ல 180லேருந்து 220க்குள்ள வெச்சு ஆரம்பிக்கறது வழக்கம், அங்கேருந்து உங்க மெஷினுக்கு ஏத்த மாதிரி ஏத்தி எறக்கிக்கோங்க.

பாபின் சுத்தும்போது அவசரப்படாதீங்க. பாலியெஸ்டர் நூலை ஃபுல் வேகத்துல சுத்தினா இழுபட்டு சுத்திக்கும், குயில்ட்ல தைச்சப்பறம் சுருங்கும், துணி சுருக்கம் விழும். விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க, கேஸுக்குள்ள உரசும். பாபின் மாத்தும்போதெல்லாம் ஹூக்கைச் சுத்தி பிரஷ் போட்டு, ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இங்க கடல் காத்துல, அதுவும் பினாங்குல செப்டம்பர், அக்டோபர் மழை மாசத்துல, கொஞ்ச நாள் சும்மா விட்ட மெஷின்ல ஹூக்கும் ஊசியும் துரு பிடிச்சிடும், துரு பிடிச்ச எடத்துல நூல் உரசி அறுந்துக்கிட்டே இருக்கும். சந்தேகமா இருந்தா காட்டன் பட்ஸை ஹூக் ஓரமாத் தடவிப் பாருங்க, பஞ்சு மாட்டி இழுபட்டா அங்க பிசிறு இருக்குனு அர்த்தம். நூலையும் மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, ஜன்னல் வெயில் படற அலமாரியில அழகுக்கு அடுக்கி வெச்ச நூல் சீக்கிரம் இத்துப் போகும்.

இவ்வளவும் சரியா இருந்தாதான் மேல் திருகு. குயில்ட் ஓரத்துல மிச்சத் துணி இருக்கும் பாருங்க, அதுலயே அதே பேட்டிங் (நடுப் பஞ்சு), அதே பேக்கிங் (அடித்துணி) வெச்சு, மேல ஒரு நிறம் கீழ ஒரு நிறம் நூல் போட்டு, நாலு திசையிலயும் கோடு போட்டு ஒரு வட்டமும் போடுங்க. வட்டம் கட்டாயம், நேர்க்கோட்டுல எல்லா டென்ஷனும் நல்லாத்தான் தெரியும். கீழ் நூல் மேல புள்ளி புள்ளியா எட்டிப் பாத்தா மேல் டென்ஷன் அதிகம், திருகை இடது பக்கம் கால் சுத்து. கீழ் நூல் அடியில நேரா படுத்து மேல்நூல் அது மேல வளையம் போட்டா மேல் டென்ஷன் கம்மி, வலது பக்கம் கால் சுத்து. ஒவ்வொரு கால் சுத்துக்கும் திரும்பத் தைச்சுப் பாருங்க. அடியில நகத்தால உரசிப் பாத்தா நூல் நகத்துல மாட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத லூசு நகத்துக்குத் தெரியும்.

நேர்க்கோடு நல்லா வந்து வளைவுல மட்டும் இமை முடி மாதிரி இழுபட்டா வேகத்தைக் குறைங்க, அதுவும் திரும்பற எடத்துல. பல மெஷின் நிமிஷத்துக்கு 2000 தையலுக்கு மேல போகும், போகுதுன்றதுக்காக நாம அந்த வேகத்துல திரும்பணும்னு இல்ல. வேகம் குறைச்சும் வருதுன்னா கீழ் டென்ஷனைக் கொஞ்சம் ஏத்தி மேலையும் அதுக்குத் தக்கபடி பாருங்க.

நூல் மாத்தினா, நிறம் மாத்தினாக்கூட, ஒரு தடவை வட்டம் போட்டுப் பாருங்க. ஒரே கம்பெனி, ஒரே வெயிட் நூல்ல கூட கருப்பும் வெள்ளையும் வேற வேற மாதிரி ஓடும், சாயத்தோட குணம் அது. ஓவர்லாக்குக்கு விக்கற மலிவு கோனை லாங்ஆர்ம்ல போடறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், நூலுக்கு மிச்சம் பிடிக்கற வெள்ளி (ரிங்கிட்) எல்லாம் பிரிச்சுத் தைக்கற நேரத்துலயே போயிடும். சரியா வந்த நூல், ஊசி, கேஜ் நம்பர் மூணையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்புல எழுதி அந்தத் துணித் துண்டு மேலயே ஒட்டி வெச்சுக்கோங்க, அடுத்த குயில்ட்டுக்கு அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்.

ஊசி ரூலர்ல மோதி உடைஞ்சு, அதுக்கப்பறம் எல்லாத் திசையிலயும் தையல் தாண்டுதுன்னா ஹூக் டைமிங், அதாவது ஹூக்கும் ஊசியும் சந்திக்கற நேரம், நகர்ந்திருக்கும். அது திருகுலயும் சரியாகாது, நூல் மாத்தினாலும் சரியாகாது, மேனுவல்ல டைமிங் பாக்கற முறை இருந்து உங்களுக்குக் கை பழக்கமும் இருந்தா நீங்களே செய்யலாம், இல்லன்னா மெஷினை நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, ஹூக் ஊசில இடிச்சுக்கிட்டே ஓடினா ஹூக்கே மாத்த வேண்டி வந்துடும்.