காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் ‘எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா?’ என்று கேட்டால், பலரும் ‘போட்டாயிற்று’ என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு ரசீதை எடுத்துக் காட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதாகவே இருக்கும். தமிழ்நாட்டில் புகார் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பரவலானதும், மற்ற பல தவறுகளுக்கு வாசலாக அமைவதும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை. அதற்குமேல் எதுவும் இல்லை. எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை அப்படியன்று. அது பதிவானால்தான் சட்டப்படியான புலன் விசாரணை தொடங்குகிறது, அதன் பிரதி நீதித்துறை நடுவருக்குப் போகிறது, விசாரணை அதிகாரி எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் அவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். இரு சக்கர வாகனம் களவுபோனவர் சி.எஸ்.ஆர். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனால், அங்கே முதல் தகவல் அறிக்கையைக் கேட்பார்கள். அப்போதுதான் தம்மிடம் இருப்பது அது இல்லை என்று அவருக்குத் தெரியவரும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் அதை எழுத்தில் பதிந்து, தகவல் தந்தவருக்குப் படித்துக் காட்டி, கையொப்பம் பெற்று, பிரதி ஒன்றை அவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. இதற்கு முந்தைய சட்டத்தின் 154ஆம் பிரிவும் இதையே சொன்னது. அப்பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, 2013ஆம் ஆண்டு லலிதா குமாரி வழக்கில், அத்தகைய குற்றம் புகாரிலேயே தென்பட்டால் வழக்குப் பதிவது கட்டாயம் என்றும், அதில் காவல் அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லை என்றும் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணம் விளங்காத நீண்ட தாமதம் போன்றவற்றில் மட்டும் முதலில் சிறிது விசாரித்துப் பார்க்கலாம் என்று அத்தீர்ப்பு இடம் விட்டது.

புதிய சட்டம் அந்த இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவாகவும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். ஆகவே ‘விசாரித்துவிட்டுப் போடுகிறோம்’ என்ற பதிலைக் கேட்டவுடன் கோபப்படவும் வேண்டாம், அப்படியே நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். எந்தப் பிரிவின்கீழ் விசாரிக்கிறீர்கள், யாருடைய அனுமதியோடு, எந்தத் தேதியிலிருந்து 14 நாள் என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றங்களை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை புலன் விசாரணை செய்ய இயலாது. புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளின் திருட்டு இந்த வகைக்குள் வந்துவிட்டது. அதனால் கைப்பேசி களவுபோனவர் ‘என் போன் திருடுபோய்விட்டது’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காமல், வாங்கிய ரசீதை இணைத்து அதன் மதிப்பையும் கைப்பேசியின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறிப்பிடுவது அவசியம். ஆவணம் ஏதேனும் தவறிப்போயிருந்தால் நிலையத்துக்கே போக வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே அதற்கான சான்றைப் பெறலாம்.

அடுத்தது தாமதம். ‘ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும்’, ‘அமாவாசை கழியட்டும்’ என்று நாட்களைத் தள்ளிவிட்டு வருகிறவர்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வியைத் தாங்களே தயாரித்துக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன துலியா காளி வழக்கை இதற்குச் சொல்லலாம். ஒரு கொலை வழக்கில் 20 மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக முதல் தகவல் தரப்பட்டது. அதற்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை. தாமதமாகும் தகவலில் பின்யோசனையாலான ஒட்டுவேலைகள் நுழைந்துவிடும் என்று 1972இல் நீதிமன்றம் எச்சரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். தாமதம் தவிர்க்க முடியாததாக இருந்தால், மருத்துவமனையில் இருந்தேன், மிரட்டலுக்குப் பயந்து வெளியூர் போயிருந்தேன் என்று உண்மைக் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுவதுதான் வழி. ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதிலும் தாமதத்துக்குக் காரணமாவதுண்டு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று 173ஆம் பிரிவே இப்போது சொல்கிறது. அதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறோம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால், மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

புகாரை எழுதும் விதத்தில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிலைய வாசலில் மனு எழுதித் தருபவரோ, விவரம் தெரிந்த உறவினரோ, ‘கெட்ட வார்த்தையால் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்’ என்ற வாய்பாட்டை எல்லா மனுவிலும் சேர்த்துவிடுவார். பழைய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2) என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கப்பட்ட அந்தப் பிரிவுகள் இன்று புதிய தண்டனைச் சட்டத்தில் 296(பி), 115(2), 351(3) என்று எண் மாறியிருக்கின்றன. வாய்பாடு மட்டும் மாறவில்லை. நடக்காத ஒன்றைச் சேர்ப்பதால் நடந்ததும் நம்பப்படாமல் போகிறது. அதேபோல், அடித்தவர் ஒருவர் என்றால் அவருடைய அண்ணன், அண்ணி, வெளியூரில் வேலை பார்க்கும் மைத்துனர் என்று வீட்டில் உள்ள அனைவரையும் எதிரிகளாக்குவதும் வழக்கைப் பலவீனப்படுத்தும். பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒருபுறமிருக்க, குறுக்கு விசாரணையில் ஒரு மிகைச் சொல் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு புகார் முழுவதையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுவார்கள். நாள், நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் பார்த்தார், என்ன இழப்பு என்ற வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதப்பட்ட புகாருக்கு இருக்கும் வலு, எட்டுப் பக்கப் புலம்பலுக்கு இல்லை. சட்டப் பிரிவுகளை நீங்கள் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை.

பணம் சம்பந்தப்பட்ட புகார்களைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மக்கள் உண்மையாகவே பெரும் நஷ்டப்படுவது இங்கேதான். கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை என்றால், ‘ஸ்டேஷனில் சொன்னால் பயந்து தருவார்’ என்ற நினைப்பில் மனுக் கொடுக்கிறார்கள். கடன் திரும்பாதது மட்டுமே குற்றமாகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. மற்றபடி அது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய விஷயம். நிலையத்தில் இருதரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். எதிர்த்தரப்பு ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்பார். அடுத்த மாதம் அதற்கடுத்த மாதமாகும். இதற்கிடையில் சட்டத்தின் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டவுடன் தருவதாக எழுதிக் கொடுத்த புரோநோட்டின் மீது, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்திருந்தேன் என்பது அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. கெடு முடிவதற்குள் கடனாளி தானாக முன்வந்து ‘இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

காசோலை திரும்பினால் கெடு இன்னும் குறுகியது. திரும்பியது என்று வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து பணம் தர எதிர்த்தரப்புக்கு 15 நாள் அவகாசம். அதுவும் கடந்தபின் ஒரு மாதத்துக்குள் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி நடக்கும் இந்த வழக்குக்கு முதல் தகவல் அறிக்கையே தேவையில்லை. கடைசிக் கட்டத் தாமதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். முதல் 30 நாள் தவறினால் அப்படிப் பொறுத்துக்கொள்ள இடமில்லை. நிலையத்தில் சமாதானம் பேசியே அந்த 30 நாளைத் தொலைத்தவர்கள் ஏராளம். இணைய மோசடியில் பணத்தை இழந்தவர்கள் மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க அதுதான் வாய்ப்பு.

சமாதானம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். வழக்குப் பதிவாவதற்கு முன் என்றால் மனு முடித்துவைக்கப்படும், பிறகு அதே சம்பவத்தை மறுபடி எழுப்பும்போது அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். பதிவான பிறகு என்றால், புகார்தாரர் நினைத்தவுடன் வழக்கு கலைந்துவிடாது. சமரசத்துக்கு உரியவை என்று சட்டம் பட்டியலிட்ட குற்றங்களை நீதிமன்றத்தில்தான் முடித்துக்கொள்ள முடியும், மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது: நீங்கள் கொடுக்கும் புகாரில் கையொப்பமிட வேண்டும், புலன் விசாரணையின்போது சாட்சியாக நீங்கள் சொல்வதைக் காவல் அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

புகார் கொடுத்தவர் அல்லாமல், யாரோ கொடுத்த புகாரின் பேரில் அழைக்கப்படுகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரியானது. ஒரு சாரார் பயந்து கைப்பேசியை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொரு சாரார் ஒரு தொலைபேசி அழைப்புக்கே அலறியடித்துக்கொண்டு தனியாகப் போய், மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் அழைப்பு எழுத்தில் வர வேண்டும். கைது தேவைப்படாத வழக்கில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவின்கீழ் தரும் அறிவிப்பை வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. முறையான அறிவிப்பு வந்துவிட்டால் கட்டாயம் போக வேண்டும். போகாமலிருப்பதே கைதுக்குக் காரணமாகலாம். சாட்சியாக விசாரிக்க வேண்டியவர் பெண்ணாகவோ, 15 வயதுக்குக் குறைந்தவராகவோ, 60 வயதைக் கடந்தவராகவோ, மாற்றுத்திறனாளியாகவோ, கடும் நோயாளியாகவோ இருந்தால், அவராக விரும்பினாலொழிய, அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் காவல் துறை வர வேண்டும்.

புகாரை வாங்கவே மறுத்தால் பலரும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும், அரசின் 1100 என்ற உதவி எண்ணுக்கும், இன்னும் பல அலுவலகங்களுக்கும் மனுக்களை அனுப்புகிறார்கள். தவறில்லை; ஆனால் அவை சுற்றிச் சுற்றிப் பெரும்பாலும் அதே நிலையத்தின் மேசைக்கே வந்து சேரும். சட்டம் காட்டும் பாதை வேறு. புகாரின் சாரத்தை எழுதி அஞ்சல் வழியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் துணை ஆணையருக்கு, அனுப்ப வேண்டும். அனுப்பிய ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். அங்கும் பலன் இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்தோடு நடுவர் நீதிமன்றத்தில் அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். இந்த இடைப்படியைத் தாண்டிவிட்டு நேராக நீதிமன்றத்துக்குப் போனவர்களின் மனுக்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே நிராகரிக்கப்படுவதுண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று இந்தப் படியில் நின்றுவிடுகிறவர்கள், நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். இலவசச் சட்ட உதவி ஏழைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வழக்கறிஞர் நியமிக்கப்படுவார். அழைக்க வேண்டிய எண் 15100. நேரில் போகும்போது புகாரின் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, அஞ்சல் ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் சென்றால், முதல் நாளிலேயே மனுவை எழுதத் தொடங்கிவிட முடியும்.