புத்தகம் பணம் கேட்ட கதை: பள்ளி நூலகத்தில் வீடியோவும் கியூஆர் கோடும்

சென்ற மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்குப் போயிருந்தேன். இளம் ஆசிரியைகள் இருவர் தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றிப் பேசி வீடியோ எடுத்திருக்கிறார்கள். அந்தந்த வீடியோவின் கியூஆர் கோடு அந்தந்தப் புத்தகத்தில் ஒட்டப்படும். நல்ல வேலைதான். "எதில் உருவாக்கினீர்கள்?" என்று கேட்டேன். "ஓர் இணையதளத்தில், டீச்சர். இலவசம்தான். நிறம்கூட மாற்றிக்கொள்ளலாம்" என்றார் ஒருவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தலைமையாசிரியையிடம் நானும் இதையேதான் சொன்னேன்.

கோணலாக ஒட்டுவது, ஒரு புத்தகத்தின் கோட்டை இன்னொன்றில் ஒட்டுவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் 'டைனமிக்' கோடு

அந்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 340 புத்தகங்களுக்கு ஒரு நிமிட வீடியோ எடுத்தார்கள். ஒரு தாளுக்கு 24 ஸ்டிக்கர் வீதம் 15 தாள். இரண்டு சனிக்கிழமைகள் பள்ளிக்கு வந்து ஒட்டினோம். ஆண்டு விழாவன்று பெற்றோர்கள் செல்பேசியைக் காட்டிக் காட்டித் தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். எனக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

அடுத்த வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்றோடு வந்து நின்றாள். "மிஸ், இந்தப் புத்தகம் பணம் கேட்கிறது."

வாங்கிப் பார்த்தேன். வீடியோ வர வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: இந்தக் கோடு முடக்கப்பட்டுள்ளது, தொடர ஆண்டுச் சந்தா செலுத்தவும். சந்தா டாலரில். அடுத்த புத்தகமும் அதையே சொன்னது. 340 புத்தகங்களும் பணம் கேட்டன. முகப்பில் 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த தளம், 14 நாள்களுக்கு மட்டும் என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

நடந்தது இதுதான். கியூஆர் கோடு என்பது கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக எழுதப்பட்ட எழுத்து, அவ்வளவே. நம் வீடியோவின் முகவரியையே அதில் எழுதினால் அது 'ஸ்டாட்டிக்' கோடு. அதற்குக் காலக்கெடு கிடையாது. உருவாக்கிய நிறுவனம் நாளைக்கே மூடப்பட்டாலும் வேலை செய்யும். 'டைனமிக்' கோட்டில் நம் முகவரி இருக்காது. அந்த நிறுவனத்தின் குட்டி முகவரி ஒன்று இருக்கும். செல்பேசி முதலில் அங்கே போகும். அவர்கள் மனது வைத்தால் நம் வீடியோவுக்கு அனுப்பிவைப்பார்கள். ஒட்டியது நம் புத்தகத்தில், சாவி அவர்கள் இடுப்பில்.

கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கோட்டின் மேல் செல்பேசி கேமராவைக் காட்டினால், திறப்பதற்கு முன்பே முகவரி திரையில் தெரியும். உங்கள் யூடியூப் முகவரியோ பள்ளி இணையதளமோ தெரிந்தால் சரி. முன்பின் அறியாத பெயர் தெரிந்தால் அச்சடிக்காதீர்கள். குரோம் உலாவியிலேயே, திறந்திருக்கும் பக்கத்துக்குக் கோடு உருவாக்கும் வசதி உண்டு. அது பக்கத்தின் முகவரியை அப்படியே எழுதித்தரும். நடுவில் ஒரு டைனோசர் நிற்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

பெரிய நிறுவனத்தின் சுருக்க முகவரி என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். கூகுளின் இணைப்புச் சுருக்கிச் சேவை 2019இல் புதிய இணைப்பு தருவதை நிறுத்தியது. யாரும் தொடாமல் கிடந்த பழைய இணைப்புகளுக்கு 2025 ஆகஸ்டில் மூடுவிழா நடத்தியது. பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஆறு மாதம் யாரும் தொடாமல் இருப்பது அதிசயமா என்ன?

அப்படியானால் வீடியோவை மாற்ற வேண்டி வந்தால்? நியாயமான கேள்வி. யூடியூபில் அதே முகவரியில் வேறு வீடியோவை ஏற்ற முடியாது. அதற்கு வழி, உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு பக்கத்துக்குக் கோடு போடுவது. பள்ளி இணையதளத்தில் புத்தகத்துக்கு ஒரு பக்கம்; முகவரியில், நூலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு உள்ள எண். வீடியோவை எத்தனை முறை மாற்றினாலும் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். தமிழகப் பாடநூல்களில் அச்சான தீக்ஷா (அரசின் இணையவழிக் கற்றல் தளம்) கோடுகளும் இந்த முறைதான். கோடு திறப்பது தீக்ஷாவின் சொந்த முகவரியை. பின்னால் இருக்கும் பாடத்தை அவர்களே மாற்றிக்கொள்ளலாம். இடையில் தரகர் இல்லை. கோட்டுக்குக் கீழே ஆறெழுத்துக் குறி ஒன்றும் இருக்கும், கேமரா கெட்டுப்போன செல்பேசிக்காரர் தட்டச்சு செய்துகொள்ள. நாமும் ஸ்டிக்கருக்கு அடியில் பதிவேட்டு எண்ணை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

நடுவில் பள்ளிச் சின்னம்

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான் இந்தக் கோடு பிறந்தது. தொழிற்சாலை என்றால் எண்ணெயும் அழுக்கும் இருக்கும். அதனால் கோட்டின் ஒரு பகுதி அழிந்தாலும் படிக்கும்படி அமைத்தார்கள். இந்தத் தாங்குதிறனுக்கு நான்கு நிலைகள் உண்டு; மிக உயர்ந்ததில் சுமார் 30 விழுக்காடு வரை சேதத்தைத் தாங்கும். மிகக் குறைந்ததில் சுமார் 7தான். நடுவில் சின்னத்தைப் பதிப்பவர்கள் இந்தச் சேமிப்பை முதல் நாளே செலவழித்துவிடுகிறார்கள். பிறகு ஒரு மைக்கறை, ஒரு கீறல் போதும், கோடு ஊமையாகிவிடும். நூலகப் புத்தகம் பிள்ளைகள் கையில் படும் பாடு தெரிந்தவர் சின்னத்தை ஸ்டிக்கரின் ஓரத்தில் போடுவார்.

சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுங்கள், குறைந்தது நான்கு கட்ட அகலம். கத்தரிக்கோல் பிடிக்கும் எட்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

முதுகில் ஒட்டுவது

வளைவு. படிக்காது.

வீடியோ யார் கணக்கில் இருக்கிறது?

ஆசிரியர் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் எல்லா வீடியோக்களையும் ஏற்றுகிறார். அவருக்கு மாறுதல் வருகிறது. கடவுச்சொல்லும் அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. வீடியோ கூகுள் டிரைவில் இருந்தால், இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்குகளை நீக்கும் விதியும் கூகுளிடம் உண்டு. நூலகத்துக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதன் விவரத்தை உறையில் போட்டு ஒட்டி அலுவலக பீரோவில் வையுங்கள்.

கூகுள் டிரைவில் வைத்தால், பார்க்கும் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிட்டீர்களா என்று உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து சோதியுங்கள். உங்கள் செல்பேசியில் எப்போதும் திறக்கும், அதுதான் வம்பு. நான் மறந்த அன்று இரவு பதினொரு மணி வரை பெற்றோர்களின் அனுமதிக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன.

பிள்ளைகளின் முகம்

பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். நாங்கள் இப்போது முகத்தை எடுப்பதே இல்லை. புத்தகத்தைப் புரட்டும் கையும் பேசும் குரலும் போதும். கூச்சப்படும் பிள்ளைகள்கூட முன்வருகிறார்கள் என்பது நான் எதிர்பாராத லாபம்.

கதையை முழுக்கச் சொல்லிவிடும் வீடியோ

முடிவு வரை சொன்ன வீடியோவைப் பார்த்த பிள்ளை புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறது. நானே நின்று பார்த்தேன். எட்டாம் பக்கத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மின்விசிறி

பதிவு செய்யும்போது அணையுங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்களுக்கு

எங்கள் 340 ஸ்டிக்கர்களையும் உரிக்கத் தொடங்கினோம். வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து, இளஞ்சூட்டில் பசையை இளக்கி, மூலையிலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். புதிய வழவழத்த அட்டைகளில் வந்துவிட்டது. பழைய புத்தகங்களில் ஸ்டிக்கரோடு தாளும் உரிந்தது. அந்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்பின் உள்ளட்டையில் இன்றும் சதுரமாக ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது.

நூற்றுச் சொச்சம் உரித்திருப்போம். வெந்நீர் குடிக்க நூலகத்துக்குள் வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டான்: "மிஸ், புதுசை இதன் மேலேயே ஒட்டினால் ஆகாதா?"