மூரிங் சங்கிலியின் அரிப்பை அளப்பது எப்படி

கப்பலையோ மிதவையையோ கடலடித் தரையோடு கட்டி நிறுத்துவதுதான் மூரிங் சங்கிலி. வெப்பக் கடலில் கிடக்கும் எஃகுச் சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரிக்காது. அலை அடித்து நனைந்து காயும் பகுதி, அதற்குக் கீழே முதல் சில மீட்டர், தரையில் புரளும் பகுதி: இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மேலே ஆக்சிஜன் தாராளம்; தரையில் அரிப்போடு மணல் உராய்வும் சேர்ந்துகொள்ளும். நடுவில் தொங்கும் நீளம் பெரும்பாலும் மெதுவாகத்தான் தேயும்.

நீண்ட தாடையுள்ள காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி), குழி ஆழம் அளக்கும் கேஜ், சுரண்டி, கம்பி பிரஷ், கேமரா போதும்.

அளக்கப்போகும் கண்ணிகளை மட்டும் சுத்தம் செய்யுங்கள். முழுச் சங்கிலியையும் சுரண்டினால் புது எஃகு வெளியே வந்து அரிப்பு வேகம் பிடிக்கும். கொட்டலசை (எஃகில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிரி) உடைத்ததும் அவசரப்பட்டு பிரஷ் போடாதீர்கள். அடியில் மை போலக் கையில் ஒட்டும் கருப்புப் படிவும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால், சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா அங்கே குடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். படம் எடுத்துவிட்டுத் துடையுங்கள்; பல நேரம் பளிச்சென்ற எஃகில் கிண்ணம் போன்ற குழி தெரியும்.

துரு எஃகைவிடப் பருமனானது. அதன் மேல் வைத்து அளந்தால் கண்ணி தடிமனாகவே காட்டும். வெறும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். கண்ணிகள் ஒன்றையொன்று கவ்வும் வளைவில்தான் தேய்மானம் அதிகம். சங்கிலி தளர்ந்திருந்தால் கவ்வலைப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டங்களை அளந்து சராசரி எடுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பர் நுழையாது. கவ்வி நிற்கும் இரு வளைவுகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து பாதியாக்குங்கள். நேர்ப்பகுதியை மட்டும் அளந்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு.

புதிதாக 76 மி.மீ. விட்டமிருந்த சங்கிலியில் 70, 66 என்று வந்தால் சராசரி 68. கப்பல் நங்கூரச் சங்கிலிக்கு வகைப்பாட்டு விதி (கப்பல் தரச்சான்று அமைப்புகளின் விதி) அனுமதிக்கும் குறைவு 12%, அதாவது இங்கே குறைந்தபட்சம் 66.9 மி.மீ. (நிரந்தர மூரிங்குக்கு வடிவமைப்பில் ஒதுக்கிய அரிப்பு அளவே எல்லை.) பலம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 68-இல் பழைய பலத்தில் 80%தான் மிச்சம். போட்டுப் 10 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 0.8 மி.மீ. போயிருக்கிறது. 66.9-ஐத் தொட மீதியுள்ள 1.1 மி.மீ. ஒன்றரை ஆண்டுகூடத் தாங்காது.

குழி ஆழத்தைச் சராசரியில் கரைத்துவிடாதீர்கள். தனியாக எழுதுங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஷாக்கிள் (சங்கிலியை இணைக்கும் U வடிவ வளையம்) பின்னையும் கழற்றிப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு ஷாக்கிள் போட்டிருந்தால் பக்கத்துக் கண்ணிதான் பலியாகும். துத்தநாக ஆனோடை (எஃகுக்குப் பதிலாகத் தானே அரியும் துண்டு) மட்டும் நம்ப வேண்டாம்: கண்ணிகளுக்கு இடையே மின்தொடர்பு விட்டு விட்டுத்தான் இருக்கும், ஆகவே அருகிலுள்ள சில கண்ணிகளைத் தாண்டி அது காக்காது.

கண்ணி எண்ணை மேல்முனையிலிருந்து எண்ணிக் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே கண்ணிகளை அளந்தால்தான் அரிப்பு வேகம் கிடைக்கும்.