கரடிக் காட்டில் நடக்கப் போகிறவர்கள் துப்பாக்கி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துப் பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டர் தள்ளிப் புதருக்குள் படுத்திருக்கும் கரடி உங்கள் மேல் வந்து விழ இரண்டு விநாடி போதும். அந்தப் பக்கம் நடைபயணம் போகிறவர்கள் எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். இதை மறந்துவிட்டுக் கடைக்குப் போனால் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

பெரிய குண்டு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அதில் முதலாவது. .44 மேக்னம் போதாது, .454 காசுல் வேண்டும், இல்லை, 500 ஸ்மித் அண்ட் வெஸன்தான் சரி என்று, ஒன்றைவிட ஒன்று வலிமையான கைத்துப்பாக்கித் தோட்டா வகைகளாகப் பேச்சு ஏறிக்கொண்டே போகும். கடைசியாகச் சொன்னதன் நீளக் குழல் ரிவால்வர் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அது உதைக்கிற உதையில், பழகாதவருக்கு இரண்டாவது குண்டு எங்கே போகும் என்றே தெரியாது. உங்கள் கைக்கு அடங்குகிற, வேகமாக அடுத்தடுத்துக் குறி பிசகாமல் சுட முடிகிற துப்பாக்கியே உங்களுக்கான பெரிய துப்பாக்கி. கிரீன்லாந்தின் பனிவெளியில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்கு எதிராகக் கூடவே வைத்திருப்பது இவற்றைவிட வலிமை குறைந்த 10 மி.மீ. கிளாக் 20 பிஸ்டல்.

அலாஸ்கா மீன்வள, வனவிலங்குத் துறை சொல்வது வேறு: .300 மேக்னம் ரைஃபிள், அல்லது ஸ்லக் எனும் ஒற்றைக் குண்டு போட்ட 12 கேஜ் (குழலின் அளவு) ஷாட்கன். .44 மேக்னம் போன்ற கனமான கைத்துப்பாக்கியும், குறிப்பாகப் பயிற்சியில்லாத கையில், அவசரத்துக்குப் போதாமல் போகலாம் என்று அந்தத் துறை எச்சரிக்கிறது. வலிமையை மட்டும் பார்த்தால் அது முழு உண்மை. ஆனால் அந்த ரைஃபிள் முதுகுப்பையின் பக்கவாட்டில் கட்டப்பட்டிருந்தால் என்ன பயன்? கரடி ஆய்வாளர்களான டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடிச் சம்பவங்களை ஆராய்ந்தார்கள். கைத்துப்பாக்கி பலன் தந்தது 84 சதவீதம், ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம். கைத்துப்பாக்கி வலிமையானது என்று இதற்குப் பொருளில்லை. தோற்றுப்போன இடங்களில் அதிகம் கேட்ட காரணம், எடுக்க நேரமில்லை என்பது. ஆகவே ரைஃபிள் என்றால் கையில், பிஸ்டல் என்றால் மார்பின் குறுக்கே கட்டும் உறையில். இடுப்பில் மாட்டினால் முதுகுப்பையின் பட்டை மறித்துக்கொள்ளும்.

தோட்டாவிலும் பலர் சறுக்குகிறார்கள். மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும் குழிமுனைக் குண்டு, உடலுக்குள் போனதும் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். கரடியின் கொழுப்பையும் தசையையும் எலும்பையும் தாண்டி உள்ளே போக, விரியாத கடின ஈயக் குண்டு வேண்டும். ஷாட்கனிலும் பால்ரஸ் போலச் சிதறும் சிறு குண்டுகள் உதவாது.

இனி, எனக்கு மிகவும் வலிக்கும் ஒன்று. 2011 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், பிரிட்டிஷ் மாணவர் குழு ஒன்றின் கூடாரத்துக்குள் பனிக்கரடி புகுந்தது. அவர்களிடம் மவுசர் ரைஃபிள் இருந்தது. அதன் பாதுகாப்புப் பூட்டுக்கு மூன்று நிலைகள். நடு நிலையில் இருந்தால் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் கைப்பிடியுள்ள பகுதியை) இழுக்கலாம், தள்ளலாம், ஆனால் சுடாது. போல்ட்டை இழுக்க இழுக்க, வெடிக்காத தோட்டாக்கள் தரையில் விழுந்துகொண்டிருந்தன. கரடியைச் சுட முடிந்தபோது 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துவிட்டிருந்தான், நால்வர் காயப்பட்டிருந்தார்கள். கடன் வாங்கிய, வாடகைக்கு எடுத்த துப்பாக்கியோடு நேரே காட்டுக்குள் போகாதீர்கள். முதுகுப்பையை மாட்டி, கையுறை போட்டு, உறையிலிருந்து எடுத்துப் பத்து மீட்டரில் சுட்டுப் பழகுங்கள். பூட்டின் நிலையைக் கண் பார்க்காமல் கட்டைவிரலே சொல்ல வேண்டும்.

துப்பாக்கி இருக்கிறதே என்று மிளகாய் ஸ்ப்ரேயை விட்டுவிட்டுப் போவதும் தவறுதான். அதே ஆய்வாளர்கள் 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் நடந்த 83 ஸ்ப்ரே சம்பவங்களைப் பார்த்தபோது, பழுப்புக் கரடியை அது 92 சதவீதம் நிறுத்தியிருந்தது. துப்பாக்கி ஆய்விலோ, சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. ஸ்ப்ரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற விடமாட்டார்கள். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் தெரியாமல் போகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. ஹெச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் அமெரிக்காவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பரிடம் வாங்கிக்கொண்டு போனாலும் அப்படித்தான். தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வது 2010 பிப்ரவரியிலிருந்து மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் சுடுவதற்குத் தடை நீடிக்கிறது, பூங்காக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது. கனடாவின் பான்ஃப் பக்கம் எல்லை தாண்டினால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும்.

சுட்டபிறகு என்ன என்பதை யாரும் யோசிப்பதேயில்லை. அலாஸ்காவில் உயிருக்காகக் கரடியைக் கொல்லலாம். ஆனால் நீங்கள் உணவையும் குப்பையையும் திறந்து போட்டு அதை வரவழைத்திருந்தால் அந்த அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும், செத்த கரடி உங்களுடையதல்ல. நகங்களோடு தோலை நீங்களே உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, இரண்டையும் மாநிலத்திடம் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். எனவே பையில் ஒரு நல்ல கத்தியும் இருக்கட்டும்.