ஸ்பானிஷ் பேய்ப் படம் பார்க்க உட்காருவதற்கு முன்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பேய்க் கதைக்குப் பஞ்சமே கிடையாது. துரை பங்களாவில் ராத்திரி பூட்ஸ் சத்தம், ஆற்றோரம் பொந்தியானாக் என்ற பெண் பேய், பழைய தோட்ட லயத்தின் கடைசி வீட்டில் தானாக எரியும் விளக்கு என்று ஆளுக்கு ஒன்று கைவசம் வைத்திருப்பார்கள். ஆனால் அதே ஆட்களை உட்காரவைத்து ஒரு ஸ்பானிஷ் பேய்ப் படத்தைப் போட்டால், அரை மணி நேரத்தில் "என்னடா இது, பேயே வரலையே" என்று கைப்பேசியை நோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். படத்தில் குறை இல்லை. உட்காரும் விதம்தான் சரியில்லை.

முதலில் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்களில் பேய் பெரும்பாலும் மிரட்ட வருவதில்லை, ஏதோ ஒரு கணக்கைத் தீர்க்க வருகிறது. அதனால் "பேய் எப்போது வரும்" என்று காத்திருக்காமல், "இந்த வீட்டில் யார் எதை மறைத்தார்கள்" என்று தேடிக்கொண்டே பாருங்கள். அகாலமாய்ப் போன உயிர் ஆசை அடங்காமல் சுற்றும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுப் பாடம் இல்லை.

ஆரம்பிக்க 'தி ஆர்ஃபனேஜ்' நல்ல படம். ஸ்பானிஷில் 'எல் ஓர்ஃபனாத்தோ', 2007, இயக்கியவர் பயோனா, தயாரிப்பில் இன்னொரு இயக்குநரான கில்லர்மோ டெல் டோரோவின் பெயரும் இருக்கும். தான் வளர்ந்த அநாதை இல்லத்துக்கே கணவனோடும் தத்துப் பிள்ளையோடும் குடிவரும் லாரா, ஒரு நாள் அந்தப் பிள்ளையைத் தொலைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை, மேலே சொன்னால் கெட்டுவிடும். ஆனால் ஒரு காட்சிக்கு மட்டும் தயாராக இருங்கள். படத்தின் தொடக்கத்தில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள்: ஒருத்தி முதுகைக் காட்டி நின்று மூன்று வரை எண்ணித் தட்டித் திரும்புவாள், அதற்குள் மற்றவர்கள் ஒரு எட்டு முன்னே வந்து அப்படியே உறைந்து நிற்க வேண்டும். கடைசிப் பகுதியில் வளர்ந்த லாரா ஆளில்லாத வீட்டில் தனியாக அதையே விளையாடுகிறாள். சுவரைப் பார்த்து எண்ணுகிறாள், திரும்புகிறாள், கேமராவும் அவளோடு சேர்ந்து திரும்புகிறது. யாரும் இல்லை. மறுபடி எண்ணுகிறாள். இந்த இடத்தில் யாரையும் தண்ணீர் எடுக்க எழுந்து போகவிடாதீர்கள். அதே படத்தில் சார்லி சாப்ளினின் மகள் ஜெரால்டின் சாப்ளின் ஆவியோடு பேசுகிறவராக வருகிறார், வீட்டுக்குள் இருட்டில் அவர் நடப்பதைத் திரைகளில் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் வேறோர் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிற நமக்கும் காது மட்டும்தான் துணை.

சரி, கூடத்தை எப்படி வைத்துக்கொள்வது? பகலில் வேண்டவே வேண்டாம். இந்தப் படங்களில் பாதி விஷயம் இருட்டு மூலையில்தான் நடக்கிறது, சன்னல் வெளிச்சத்தில் திரை சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அம்மா சீரியல் எல்லாம் முடிந்த பிறகு டியூப்லைட்டை அணைத்துவிட்டு, சமையலறை விளக்கை மட்டும் விட்டுவையுங்கள். பல டிவிக்களில் சினிமாவை நாடகம் மாதிரி வழவழப்பாக்கும் அமைப்பு ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தேடி அணைத்துவிட்டால் நல்லது. சத்தம் குறைவாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், அடுத்த கதவு அறையும்போது பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்துவிடுவார். தகரக் கூரை வீடாக இருந்தால் மழை இல்லாத ராத்திரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைச் சத்தம் சூழலுக்குப் பொருத்தம்தான், ஆனால் மாடிப்படியின் முனகல் அதில் போய்விடும், அந்த முனகலுக்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

ஆங்கிலக் குரல் சேர்த்த பதிப்பைத் தொடாதீர்கள். மூச்சு, விசும்பல், பிள்ளைகளின் முணுமுணுப்பு எல்லாம் அதில் ஸ்டூடியோ வாடை அடிக்கும். மலாய் எழுத்தோ ஆங்கில எழுத்தோ எது ஓடுகிறதோ அதைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிக்கு வாசிக்க முடியவில்லை என்றால் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டாம், யார் யாருக்கு என்ன உறவு என்று ஆரம்பத்திலேயே இரண்டு நிமிஷம் சொல்லிவிட்டால் போதும், மீதியை அவர் முகங்களைப் பார்த்தே பிடித்துக்கொள்வார், சில சமயம் நமக்கு முன்னாலேயே.

இரண்டாவது படத்துக்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தது, வென்ற ஃபிராங்கோ 1975இல் சாகும்வரை நாட்டைப் பிடியில் வைத்திருந்தார், தோற்ற பக்கத்தில் ஏராளமானவர்கள் பெயரில்லாக் குழிகளில் கிடந்தார்கள். இவ்வளவு தெரிந்துகொண்டு டெல் டோரோவின் 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001) பாருங்கள். போரின் கடைசிக் காலம், ஒதுக்குப்புறத்தில் ஒரு அநாதை இல்லம், முற்றத்து மண்ணில் குத்திக்கொண்டு நிற்கும் வெடிக்காத குண்டு, அதைச் சுற்றி விளையாடும் பையன்கள். அங்கே வரும் சிறுவன் பேயை உற்றுப் பாருங்கள்: நெற்றிக் காயத்திலிருந்து ரத்தம் கீழே வழியாது, தண்ணீருக்குள் கரைவதுபோல மேலே மிதந்து போகும். ஏன் என்பதற்குக் கதையில் பதில் இருக்கிறது.

இதைப் பார்க்கும்போது சயாம் (இன்றைய தாய்லாந்து) நினைவு வராமல் இருக்காது. ஜப்பான்காரன் காலத்தில், 1942-43இல், சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம்மவர்கள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. சயாமுக்குப் போனவரின் குடும்பத்துப் பெரியவர் யாராவது இருந்தால் இந்தப் படத்துக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட அவசரப்படாதீர்கள், அவர் பேச ஆரம்பிப்பார்.

பொந்தியானாக்கில் ஊறியவர்கள் 'லா யோரோனா'வை விடக்கூடாது. லா யோரோனா என்பது லத்தீன் அமெரிக்கா முழுக்கச் சொல்லப்படும் கதை: தன் பிள்ளைகளையே தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு ஆற்றோரம் அழுதுகொண்டு திரியும் பெண். நம்மூர்ப் பேய் பிரசவத்தில் போனவள், யோரோனா பிள்ளையைக் கொன்றவள், இருந்தாலும் இரண்டு பேருமே தாய்ப் பேய்கள்தான். (1957இல் 'பொந்தியானாக்' படத்தை எடுத்த பி. என். ராவே இந்தியாவிலிருந்து வந்தவர்தானே.) இதே பேயை வைத்து ஹாலிவுட் படம் ஒன்றும் உண்டு, அதைப் போட்டுவிடாதீர்கள். நான் சொல்வது ஹைரோ புஸ்தமந்தே 2019இல் குவாத்தமாலாவில் எடுத்தது. அவர் அந்த அழுகையை ஒரு முன்னாள் ராணுவத் தலைவனின் பங்களாவுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். நீதிமன்றத்தில் ஒரு மாயன் பழங்குடிப் பெண் முகத்திரை போட்டுக்கொண்டு சாட்சி சொல்வாள், கேமரா மெல்ல மெல்லப் பின்வாங்கும், ஒரு பேயும் இல்லாத அந்தக் காட்சிதான் எனக்குப் படத்திலேயே அதிகம் குளிரெடுத்த இடம். நிஜத்தில் ரியோஸ் மோன்ட் என்ற அந்நாட்டு முன்னாள் சர்வாதிகாரி மாயன் மக்களை இனப்படுகொலை செய்தார் என்று 2013இல் தீர்ப்பு வந்து, சில நாளிலேயே ரத்தானது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பங்களாவைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஏன் கலையவே மாட்டேன் என்கிறது என்பது புரியும்.

இளசுகள் பொறுமையாக இருக்க மாட்டார்கள் என்றால் 'வெரோனிக்கா' (2017, பாக்கோ பிளாசா). 1991 மாட்ரிட், சூரிய கிரகணம், பள்ளிக்கூட அடித்தளத்தில் மூன்று பெண் பிள்ளைகள் ஆவி கூப்பிடுகிறார்கள், நம் பள்ளிகளில் ஸ்பிரிட் ஆஃப் த காயின் விளையாடுவார்களே, அந்த ரகம். ஆனால் படத்தின் கனம் வேறு இடத்தில்: அம்மா ராத்திரி வேலைக்குப் போய்விட, தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டுக் குளிப்பாட்டித் தூங்கவைக்கும் மூத்த பெண்ணின் அலுப்பு. இருட்டோடு தோட்டத்துப் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள்கணக்கு எடுப்பு) போன அம்மாமாரின் மூத்த மகள்களுக்கு இது உடனே பிடிபடும். பன்னிரண்டு வயசுக்குக் கீழ் உள்ளவர்களை மட்டும் தூங்கவைத்துவிட்டுப் போடுங்கள்.

இயக்குநர் அமேனாபாரின் 'தி அதர்ஸ்' ஸ்பெயினில் எடுத்ததுதான், ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம், எழுத்து வாசிக்க அலுப்புப்படும் மாமா ஒருவர் இருந்தால் அவருக்கு அது. ஒரு ராத்திரிக்கு ஒரு படம் போதும், அடுத்தடுத்துப் போட்டால் எல்லா வீடும் ஒரே வீடாகிவிடும். முடிவு குழப்பினால் உடனே யூடியூப் விளக்கத்துக்கு ஓடாமல் மறுநாள் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரோடு சண்டை போட்டுப் பாருங்கள், 'தி ஆர்ஃபனேஜ்' முடிவுக்கு மட்டும் எங்கள் மேசையில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது.