பழைய படகு எஞ்சின் இயங்க மறுத்தால்

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் உழைக்கும் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் கயிற்றை இழுத்தும் இயங்காவிட்டால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரில் கை வைக்காமல் முதலில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிளக் நனைந்திருந்தால் துடைத்து, எரிபொருள் ஆவி கலைந்தபின், பிளக்கை வயரில் மாட்டி அதன் உலோகப் பகுதியை எஞ்சின் உடலோடு அணைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தெரிய வேண்டும். தெரியாவிடில் புதிய பிளக்கை மாட்டிப் பார்த்த பின்னரே பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருளைச் சந்தேகியுங்கள்.

இயங்கியதும் குளிரூட்டும் நீர் பீறிடாவிட்டால் உடனே நிறுத்துங்கள், ஏனெனில் அந்த நீரை இறைக்கும், மணல் அரித்த சிறு இறப்பர்ச் சக்கரத்துக்காக முழு எஞ்சினையும் இழப்பது பெருந்துயரம்.

கரை திரும்புகையில் கடைசிச் சில நிமிடங்கள் பெற்றோலில் ஓட்டி நிறுத்தினால், காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் விடியலில் எஞ்சின் இலகுவாக இயங்கும்.